கறக்கும் இயந்திரமும் கூட்டுறவுச் சங்கமும்

மாட்டைக் கறப்பதற்கு இனி மனிதக் கையே வேண்டியதில்லை என்னும் பேச்சு நம் கிராமங்களுக்கும் எட்டிவிட்டது. மேனாட்டுப் பண்ணைகளில் ரோபோ எனப்படும் தானியங்கி இயந்திரம் பசுவைத் தானே அடையாளங் கண்டு, மடியைக் கழுவி, பாலைக் கறந்து, அளந்து, கணக்கும் எழுதிவிடுகின்ற காட்சியைக் கைப்பேசியில் காணாத இளைஞர் இன்று மேலூரிலும் இல்லை, உசிலம்பட்டியிலும் இல்லை. “இதனை நம் சங்கம் ஏன் வாங்கலாகாது?” என்று கேட்போர் ஒரு சாரார். “இது வந்தால் நம் பிழைப்பு என்னாவது?” என்று அஞ்சுவோர் மற்றொரு சாரார். இரு சாராரும் நம்மவரே. இரு கேள்விகளும் நியாயமானவையே. ஆதலால் இவ்விஷயத்தில் நம் அபிப்பிராயத்தை அங்கத்தினர்கள் முன் வைப்பது கடமை எனக் கருதுகிறோம்.

முதலில் அவ்வியந்திரம் எத்தகையது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வோம். வியாபார முறையில் இது முதன்முதலாக 1992-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டுப் பண்ணையொன்றில் நிறுவப்பட்டது. அந்நாட்டின் லேலி நிறுவனமும், ஸ்வீடன் நாட்டின் டெலாவல் நிறுவனமும் இன்று இத்துறையில் பெயர் பெற்றவை. பசு ஒன்று நிற்கும் அளவுள்ள இரும்புக் கூண்டு; அதன் பக்கத்தே ஓர் இயந்திரக் கை. இதுவே அதன் வெளித்தோற்றம். பசுவை யாரும் ஓட்டி வருவதில்லை. கூண்டில் கிடைக்கும் அடர்தீவனத்தை நாடி அது தானே வருகிறது. அதன் கழுத்துப்பட்டையிலுள்ள மின்னணு அடையாளத்தைக் கொண்டு, வந்திருப்பது இன்ன பசு, கடைசியாகக் கறந்தது இன்ன நேரத்தில் என்பதை இயந்திரம் அறிந்துகொள்கிறது. கறந்து சிறிது நேரமே ஆகியிருந்தால் தீவனம் கொடாமல் வெளியே விட்டுவிடுகிறது. கறக்கும் வேளை வந்திருந்தால், ஒளிக்கதிரின் துணையால் காம்புகள் இருக்குமிடத்தைக் கண்டு, அவற்றைச் சுத்தம் செய்து, முதற் பீச்சைத் தனியே ஒதுக்கி, நான்கு காம்புகளிலும் நான்கு குவளைகளைப் பொருத்துகிறது. எந்தக் காம்பில் பால் வற்றுகிறதோ அந்தக் குவளை மட்டும் கழன்றுகொள்கிறது. மடிநோய் கண்ட பாலில் உப்பு மிகுந்திருக்கும். அதனால் மின்சாரம் அதில் எளிதாய்ப் பாயும். இதனை அளந்து, நோய்க்குறி தெரிந்த பாலை நல்ல பாலோடு சேரவிடாமல் பிரித்துவிடுகிறது. இரவு பகல் என்னும் பேதமின்றி நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று முறை ஒவ்வொரு பசுவையும் கறக்கிறது. ஒரு கூண்டு ஏறக்குறைய 60 முதல் 70 பசுக்களுக்குப் போதும்.

இதன் திறமையைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. “ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற” என்பது நம் முன்னோர் பழமொழி. ஒவ்வொரு மாட்டுக்கும் அதன் போக்கறிந்து நடத்தல் வேண்டும் என்பதே அதன் பொருள். அறுபது பசுக்களில் ஒவ்வொன்றின் போக்கையும் மறவாமல் நினைவில் வைத்திருக்கும் இயந்திரம் அப்பழமொழியைத்தான் வேறு வழியில் கடைப்பிடிக்கிறது. பாலின் சுத்தத்திலும் நோயை முன்கூட்டி அறிவதிலும் அது நமக்குப் பாடம் கற்பிக்கத் தக்கது.

கறவைத் தொழிலின் சிரமத்தையும் இங்கே கூறவேண்டும். உழவுக்கு ஓய்வுக்காலம் உண்டு. தறிக்கு விசேஷ நாள்களில் விடுமுறை உண்டு. மடிக்கு மட்டும் விடுமுறை கிடையாது. சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே மதுரைக்குக் கிளம்பினாலும், கறவை மாடு கட்டியிருக்கும் வீட்டிலிருந்து ஒருவர் பின்தங்கத்தான் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்ணே. விடியுமுன் எழுந்து சாணம் அள்ளி, தண்ணீர் காட்டி, தீவனம் வைத்து, கறந்து, சங்கத்து வாசலில் பாத்திரத்தோடு வரிசையில் நிற்பவள் அவள். பிறகுதான் அடுப்படி, அதற்கும் பிறகு தறியோ வயலோ. பிள்ளைகள் வேலைக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட வீடுகளில், கறக்க ஆளில்லாமையாலேயே மாட்டை விற்றுவிடுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். கூலிக்குக் கறப்பவர்களும் அருகி வருகின்றனர். ஆகவே இயந்திரத்தைக் கேட்கும் இளைஞர் ஆடம்பரத்துக்காகக் கேட்கிறார் என்று நாம் எண்ணவில்லை. தாயின் முழங்கால் வலியைக் கண்டுதான் கேட்கிறார்.

ஆயினும் ஆசையைக் கணக்கோடு ஒத்துப் பார்த்தல் கூட்டுறவாளரின் முதற் குணம். ரோபோ இயந்திரம் ஒன்றின் விலை, கூண்டும் துணைக்கருவிகளும் சேர, நம் நாணயத்தில் ஒரு கோடி ரூபாயை மிஞ்சும். கணக்குக்காக ஒரு கோடி என்றே கொள்வோம். நூற்றுக்கு 8 வட்டி வீதம் முதல் ஆண்டின் வட்டி 8 லட்சம். இயந்திரம் பத்தாண்டு உழைக்கும் என்று கொண்டால் தேய்மானம் ஆண்டுக்கு 10 லட்சம். ஆக 18 லட்சம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,930 ரூபாய். அறுபது பசுக்கள், பசு ஒன்றுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் என நம் நாட்டுக் கலப்பினப் பசுக்களை வைத்துக் கணக்கிட்டால் 600 லிட்டர். லிட்டருக்கு 8 ரூபாய் 20 காசுக்கு மேல் இயந்திரத்துக்கே போய்விடும். மின்சாரம், பழுது, பொறியாளர் வந்துபோகும் செலவு ஆகியவை இன்னும் சேரவில்லை.

நெதர்லாந்துப் பசு நாளொன்றுக்கு முப்பது லிட்டர் அளவில் கறக்கும். அங்கே அதே செலவு 1,800 லிட்டரின் மேல் பரவி, லிட்டருக்கு 2 ரூபாய் 75 காசுக்குள் அடங்கிவிடும். அந்நாட்டில் ஒரு தொழிலாளியின் கூலியோ நம் நாட்டுக் கூலியைப் போலப் பன்மடங்கு. ஆதலால் அங்கே இயந்திரம் கட்டுபடியாகிறது. இங்கே அறுபது பசுக்களைக் கையால் கறக்க ஆறு பேரை அமர்த்தி, ஆளுக்கு 500 ரூபாய் கொடுத்தாலும் லிட்டருக்கு 5 ரூபாய்தான் ஆகிறது. அந்த ஐந்து ரூபாயும் ஊருக்குள்ளேயே தங்குகிறது. 2023 டிசம்பர் 18 முதல் தமிழக அரசு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அளித்தபோது, சங்கத்தில் குறிப்பிட்ட தரமுள்ள பசும்பாலுக்குக் கிடைக்கும் தொகை 35-லிருந்து 38 ரூபாயாயிற்று. அந்த மூன்று ரூபாய்க்காக உற்பத்தியாளர்கள் எத்தனை காலம் முறையிட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். மூன்று ரூபாயை அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற நாம் எட்டு ரூபாயை ஓர் இரும்புக் கூண்டுக்குக் கொடுக்க இயலுமா?

கணக்கில் அடங்காத இடர்களும் உண்டு. பசு தானே நடந்து கூண்டுக்கு வரவேண்டும் என்பது இம்முறையின் அடிப்படை. நம் சமவெளியில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாள்களில், நண்பகலில் எந்த மாடும் நிழலை விட்டு அசையாது. காம்புகள் மிக நெருங்கியோ கோணலாகவோ அமைந்த மடியில் இயந்திரக் கை குவளையைப் பொருத்தத் தடுமாறும். மேனாட்டில் அத்தகைய பசுக்களைப் பண்ணையிலிருந்து கழித்துவிடுகிறார்கள். நம் தொழுவங்களில் ஜெர்சிக் கலப்பினமும் உண்டு; எருமையும் உண்டு; புலிக்குளம் இனத்து நாட்டு மாடும் உண்டு. கன்று ஊட்டினாலன்றிப் பால் இறக்காத மாடுகளும் பல. மாட்டுக்கேற்ற இயந்திரத்தைத் தேடுவது போய், இயந்திரத்துக்கேற்ற மாட்டைத் தேடும் நிலை நமக்கு வேண்டாம்.

அப்படியாயின் இயந்திரத்தை அடியோடு விலக்கிவிடலாமா? கூடாது என்பதே நம் துணிபு. இதற்குச் சான்றாக நம் நெசவாள அங்கத்தினர்களின் அனுபவத்தையே எடுத்துக்காட்டுகிறோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் கயிற்றை இழுத்தால் ஓடும் நாடாவைப் பரப்ப ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி முயன்றார். சேலத்தில் நெசவுச்சாலை ஒன்றையும் ஏற்படுத்தினார். சாலைக்குள் வந்து கூலிக்கு நெய்ய நெசவாளர் விரும்பவில்லை. ஆனால் அந்த நாடாவை மட்டும் காலப்போக்கில் தத்தம் வீட்டுத் தறியில் பூட்டிக்கொண்டார்கள். நாடா ஓடும் வேகம் கூடிற்று. தறி நெசவாளனுடையதாகவே இருந்தது. பின்னர் வந்த விசைத்தறியின் கதை வேறு. அதை வாங்கும் முதல் நெசவாளனிடம் இல்லை, முதல் உடையவன் வாங்கினான், நெய்தவன் கூலியாளானான். கைத்தறிக்கென்று 22 வகைத் துணிகளை ஒதுக்கி 1985-இல் மத்திய அரசு சட்டம் இயற்றியது; அந்தப் பட்டியலும் பிற்பாடு 11 வகையாகச் சுருங்கியது. சட்டம் வந்து காக்கும் என்று காத்திருந்த தறிகள் எத்தனை ஓய்ந்தன என்பதை மதுரை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டும் இயந்திர முன்னேற்றமே. ஒன்று உழைப்பாளியின் கைக்கு அடங்கி வந்தது. மற்றது உழைப்பாளியைத் தனக்கு அடக்கிக்கொண்டது. கறவை இயந்திரத்திலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: இது நம் தொழுவத்துக்கு நாடாவாக வருமா, விசைத்தறியாக வருமா?

இக்கேள்வியைப் பால் தொழிலிலேயே முன்னர் கேட்டு விடை கண்டவர்கள் உண்டு. 1878-ஆம் ஆண்டையொட்டிப் பாலிலிருந்து வெண்ணெய்ச் சத்தை நொடியில் பிரிக்கும் சுழல் இயந்திரம் ஐரோப்பாவில் புழக்கத்துக்கு வந்தது. ஸ்வீடன் நாட்டுக் குஸ்தாவ் டெலாவல் அதை அமைத்தவர்களுள் ஒருவர். ஏராளமான பசுக்களை உடைய பண்ணையாரே அதை வாங்க முடியும். நான்கைந்து பசு வைத்திருந்த டென்மார்க்குக் குடியானவர்கள் அதை வெறுத்து ஒதுக்கவும் இல்லை. கடன்பட்டு ஆளுக்கொன்று வாங்கவும் இல்லை. 1882-இல் மேற்கு ஜட்லாந்துப் பகுதியில் ஹியெடிங் என்னும் சிற்றூரில் ஒன்றுகூடி, பொதுவில் ஒரு பால்நிலையம் அமைத்தார்கள். அனைவர் பாலும் அங்கே வந்தது. வெண்ணெய் எடுத்த பால் அவரவர் வீட்டுக்குத் திரும்பியது. நூறு பசு உடையவனும் மூன்று பசு உடையவனும் ஒரே வாக்குடையவர் என்னும் விதி அந்நாட்டுப் பால் சங்கங்களுக்கு உயிர்நாடியாயிற்று. 1900-ஆம் ஆண்டளவில் அத்தகைய கூட்டுறவுப் பால்நிலையங்கள் அச்சிறு நாட்டில் ஆயிரத்துக்கு மேல் இருந்தன.

நம் நாட்டிலும் நடந்தது இதுவே. 1946 டிசம்பர் 14-ஆம் நாள் குஜராத்தில் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவர். 1949-இல் ஆனந்த் நகருக்கு வந்த வர்கீஸ் குரியனும், அவருடைய நண்பர் தலாயாவும் சேர்ந்து, எருமைப் பாலைப் பொடியாக்க இயலாது என்று மேனாட்டு நிபுணர்கள் கூறியதைப் பொய்யாக்கினார்கள். 1955-இல் அங்கே பெரிய பால் தொழிற்சாலை எழுந்தது. ஓரிரு எருமை வைத்திருந்தவர்களின் சொத்து அது. அவ்வழியைப் பின்பற்றியே 1981-இல் தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம் தோன்றிற்று. மதுரைச் சாத்தமங்கலத்தில் இயங்கும் ஆவின் பால்பண்ணையும் அவ்வமைப்பில் சேர்ந்ததே. 2023–24-ஆம் ஆண்டில் பாரதத்தின் பால் உற்பத்தி சுமார் 23 கோடியே 93 லட்சம் டன், உலகில் முதலிடம். ஓரிரண்டு மாடு வைத்திருக்கும் கோடிக்கணக்கான குடும்பங்கள் சேர்ந்து எட்டிய முதலிடம் இது.

இவ்விரு வரலாறுகளிலிருந்தும் விளங்குவது ஒன்று. தனியொருவரால் வாங்க இயலாத இயந்திரத்தைச் சங்கம் வாங்கலாம். ஆனால் அது நம் மாட்டின் அளவுக்கும் பணப்பையின் அளவுக்கும் பொருந்தியதாக இருத்தல் வேண்டும். ரோபோ அவ்வளவில் பொருந்தாது. பொருந்துவது யாதெனில், சக்கரத்தின் மேல் தள்ளிச் செல்லும் சிறு கறவை இயந்திரம். வெற்றிடக் காற்றால் பாலை இழுத்து வாளியில் சேர்க்கும் இதனை நம் அங்கத்தினருள் சிலர் ஏற்கெனவே பயன்படுத்துகின்றனர். இரண்டு வாளியுள்ள இயந்திரத்தைக் கொண்டு மணிக்குப் பன்னிரண்டு மாடுகளையாவது கறக்கலாம். விலை ஒரு லட்சம் ரூபாய்க்குள் அடங்கும். வட்டிக்கு 8,000, ஐந்தாண்டுத் தேய்மானத்துக்கு 20,000 என்று கொண்டால் நாளொன்றுக்கு 77 ரூபாய். ஒரு தெருவில் முப்பது மாடுகள், மாடொன்றுக்கு எட்டு லிட்டர் எனில் 240 லிட்டர். இயந்திரச் செலவு லிட்டருக்கு 32 காசு. அதை இயக்குபவருக்கு 500 ரூபாய் கூலி சேர்த்தாலும் லிட்டருக்கு 2 ரூபாய் 40 காசுதான். மின்கட்டணமும் பழுதும் சேர்ந்தாலும், முன்னர் கூறிய எட்டு ரூபாயை இது நெருங்காது.

ஆகவே ஒவ்வொரு பால் சங்கமும் தன் எல்லையில் மாடுகள் நெருங்கியிருக்கும் தெரு ஒன்றைத் தேர்ந்து, பொதுக் கறவைக் கொட்டகை ஒன்றை ஓராண்டுக்குச் சோதனையாக நடத்திப் பார்க்கலாம் என யோசனை கூறுகிறோம். தளம் போட்ட தரை, கூரை, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர் வாய்க்கால், ஓர் இயந்திரம், இவற்றுக்கு மேல் ஆடம்பரம் வேண்டாம். குஜராத்தின் சபர்காந்தா மாவட்டத்து அகோதரா கிராமத்தில் ஊரார் மாடுகளை ஒரே இடத்தில் கட்டிப் பராமரிக்கும் கால்நடை விடுதியே 2011-இல் ஏற்பட்டிருக்கிறது. நாம் மாட்டை முழு நாளும் அங்கே கட்டச் சொல்லவில்லை; காலையும் மாலையும் கறக்கும் வேளைக்கு மட்டுமே ஓட்டிவரச் சொல்கிறோம். இயந்திரத்தை இயக்கும் வேலை, இப்போது வீடுவீடாய்ச் சென்று கறப்பவர்களுக்கே முதற்கண் பயிற்சி தந்து கொடுக்கப்பட வேண்டும். அவர்கள் பிழைப்பைப் பறித்து நாம் சுகம் தேடுவது கூட்டுறவாகாது.

இரண்டாவது யோசனைக்குப் பணம் வேண்டியதில்லை. ரோபோவின் உண்மையான பலம் அதன் இரும்புக் கையைக் காட்டிலும் அதன் கணக்கில் இருக்கிறது. இன்ன பசு, இன்ன காம்பு, இத்தனை பால், இன்ன நாளில் குறைந்தது என்பதை அது மறப்பதில்லை. நம் மாடுகளின் காதிலும் பன்னிரண்டு இலக்க எண் பொறித்த மஞ்சள் பட்டை தொங்குகிறது. காப்பீட்டுக்கும் தடுப்பூசிக்கும் அதை எழுதிக்கொள்கிறோம். பால் கணக்கில் எழுதுவதில்லை. சங்கத்துப் புத்தகத்தில் அங்கத்தினர் பெயருக்கு நேரே மொத்த லிட்டரும், கொழுப்பும், இதர சத்தும் மட்டுமே பதிவாகின்றன. எந்த மாடு பால் குறைந்தது, எந்த மடியில் நோய் தொடங்கிற்று என்பது மாடு படுத்த பிறகே தெரிகிறது. எண் வாரியாக மாட்டுக்கொரு பக்கம் ஒதுக்கி வாரம் ஒருமுறை பால் அளவை எழுதுவதும், பதினைந்து நாளைக்கொருமுறை நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே மடிநோய்ச் சோதனை செய்வதும் நம்மால் ஆகாத காரியமல்ல. நாள்தோறும் முதற் பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுத் திரிதிரியாய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. தொடக்க நிலை மடிநோய்க்குச் சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்துப் பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் வகுத்திருக்கின்றனர். தேசிய பால்வள வாரியமும் அதைப் பரப்பி வருகிறது. நோய் முற்றினால் மருத்துவரை அழைத்தல் வேண்டும். முன்னதாக அறிவதற்கு வழி கணக்குதான்.

மூன்றாவதாக, சுத்தமும் ஒழுங்கும். பொதுக் கொட்டகையில் ஓர் ஆபத்து உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு மாட்டின் மடிநோய் குவளை வழியே மற்றொரு மாட்டுக்குத் தாவும். கோமாரி கண்ட மாடு ஒன்று உள்ளே வந்தால் தெரு முழுதும் பரவும். ஆகவே ஒவ்வொரு மாட்டுக்கும் பிறகு குவளையைக் கழுவுதல், நோய்க்குறியுள்ள மாட்டைக் கடைசியில் கறத்தல், கறந்து முடித்ததும் காம்பை மருந்து நீரில் தோய்த்தல், தடுப்பூசி போடாத மாட்டை அனுமதியாமை ஆகிய விதிகளைச் சங்கமே இயற்றி, வேண்டியவர் வேண்டாதவர் என்று பாராமல் நடத்த வேண்டும். மாட்டின் மடியைத் தொட்டுத் துடைத்த ஒரு நிமிடத்துக்குள் பால் இறங்கத் தொடங்கி, ஐந்து முதல் ஏழு நிமிடம் வரையிலேயே நன்றாக இறங்கும். அதற்குள் கறந்து முடித்தல் வேண்டும். வற்றிய பிறகும் குவளையை விட்டுவைத்தால் காம்பு புண்ணாகும். மின்சாரம் நின்றுபோகும் நாளும் வரும். ஆதலால் கையால் கறக்கும் பழக்கத்தை நம் வீடுகள் முற்றிலும் மறந்துவிடலாகாது.

இங்கே சிலர் எழுப்பக்கூடிய தடைகளுக்கும் விடை கூறுவது முறை. “என் மாட்டை நாள்தோறும் இருமுறை தெருக்கோடிக்கு ஓட்டிச் செல்வதைவிட வீட்டிலேயே கறப்பது எளிதல்லவா?” என்பார்கள். கறக்க ஆள் உள்ள வீட்டுக்கு அது எளிதே. அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. ஆளில்லாத வீட்டுக்கும், முதியோர் மட்டுமே இருக்கும் வீட்டுக்கும், தறியை விட்டு எழ முடியாத நெசவாளர் வீட்டுக்கும் கொட்டகை உதவும். மாட்டை விற்பதா, கொட்டகைக்கு ஓட்டுவதா என்பதே அவர்களுக்கு எதிரேயுள்ள கேள்வி. “சங்கத்துக்குப் பணம் ஏது?” என்பார்கள். தனித்தனியாய் இயந்திரத்துக்கு மானியம் கோருவதை விட்டு, குழுவுக்கும் சங்கத்துக்கும் முன்னுரிமை தருமாறு அரசை நாம் ஒரே குரலில் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் பாதி நேரம் சும்மா கிடக்கும் இயந்திரத்துக்குக் கொடுக்கும் மானியத்தைவிட, முப்பது மாட்டுக்கு உழைக்கும் இயந்திரத்துக்குக் கொடுப்பது அரசுக்கும் சிக்கனம்.

மற்றொரு தடையே மிக முக்கியமானது. “நாம் வாங்காவிட்டாலும் பணக்காரர் ஒருவர் இருநூறு பசுவும் மூன்று ரோபோவுமாக நம்மூரிலேயே பண்ணை வைத்துவிட்டால் என் செய்வது?” என்று ஓர் அன்பர் கேட்கலாம். வரட்டும், அவரும் சங்கத்தில் அங்கத்தினராகலாம். அவர் பாலையும் அதே கருவியில் சோதித்து, அதே விலை கொடுப்போம். ஆனால் இருநூறு பசுவுக்கும் ஒரே வாக்குதான் என்னும் விதியில் ஓர் அணுவும் தளரலாகாது. பால் மிகுதியாகத் தருபவரைத் திருப்தி செய்வதற்காக, இரண்டு லிட்டர் ஊற்றும் கிழவியை வரிசையில் பின்தள்ளும் நாளில் நம் சங்கம் பெயரளவில் மட்டுமே சங்கமாயிருக்கும். நெதர்லாந்தில் 1990-ஆம் ஆண்டளவில் நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேலிருந்த பால்பண்ணைகள் இன்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. இதற்கு ரோபோ மட்டுமே காரணமன்று. அங்கே எஞ்சிய குடும்பப் பண்ணைகள் பலவற்றை அது தாங்கி நிறுத்தியதும் உண்டு. அந்நாட்டில் தொழிலை விட்டவர்க்கு வேறு வேலை கிடைத்தது. செல்லம்பட்டியிலும் பேரையூரிலும் மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, மழை பொய்த்த ஆண்டில் அடுப்பெரிவது பால் பணத்தால். அதை இழந்தால் அவர்கள் போவது எங்கே?

கடைசியாக ஒன்று. சங்கத்தின் பால் கணக்கைப் புரட்டிப் பாருங்கள். பால் ஊற்றுவோருள் பெரும்பாலோர் பெண்களாயிருக்கக் காண்பீர்கள். அங்கத்தினர் பதிவேட்டிலும், நிர்வாகக் குழுவிலும் அவர்கள் பெயர் அத்தனை காணப்படுவதில்லை. இயந்திரம் வாங்குவது பற்றித் தீர்மானிக்கப் போவது நிர்வாகக் குழு. விடியலில் மடியருகே உட்காரப் போவது அப்பெண். இவ்வளவு காலம் கறந்தவளைக் கேளாமல் கறவை இயந்திரத்தைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றுவது முறையாகாது. ஆதலால் கொட்டகையோ இயந்திரமோ அமைக்குமுன், நாள்தோறும் பால் ஊற்றும் பெண்களைத் தத்தம் பெயரிலேயே அங்கத்தினராக்குவதும், பால் பணம் அவரவர் வங்கிக் கணக்கிலேயே சேரச் செய்வதும் முதற்கண் நடைபெற வேண்டும். இயந்திரம் அவர்களுடைய ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்துமாயின், அந்த ஒரு மணி நேரமும் அதன் பலனும் அவர்களுக்கே உரியன.

வரவிருக்கும் பொதுப் பேரவைக் கூட்டத்தில் இவ்விஷயத்தை எடுத்துப் பேசும்படி ஒவ்வொரு சங்கத்தின் அங்கத்தினரையும் கேட்டுக்கொள்கிறோம். மாட்டுக்கொரு கணக்கு எழுதுவதை அடுத்த மாதத்திலேயே தொடங்கலாம். அதற்கு எவர் உத்தரவும் வேண்டியதில்லை. கொட்டகையைச் சோதனையாக நடத்தும் தெருவைக் கூடிப் பேசித் தேர்ந்துகொள்ளுங்கள். ஓராண்டு முடிந்ததும் வரவு செலவை மறைக்காமல் பேரவையில் படியுங்கள். லாபமாயின் பரப்புவோம், நஷ்டமாயின் நிறுத்துவோம். கோடி ரூபாய் இயந்திரத்தைப் பார்த்து வியப்பதும் அஞ்சுவதும் நம் வேலையல்ல. நம் கைக்கு அடங்கிய இயந்திரத்தை, நம் கணக்கில், நம் வாக்கின் கீழ் நடத்திக்காட்டுவதே நம் வேலை.